பழைய தாளில் ஒரு தொழில்: அடிமை ஒழிப்பு இதழ்களைத் தேடிச் சேர்ப்போருக்கு

ஆர்த்துரோ ஷோம்பர்க் மாதச் சம்பளக்காரர். 1874-ல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1891-ல் பிழைப்புத் தேடி நியூயார்க் வந்தார். 1906 முதல் 1929 வரை பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியின் தபால் பிரிவில் வேலை. பகலில் கடிதங்கள், மாலையில் பழைய புத்தகக் கடைகள். கறுப்பின மக்களின் நூல்கள், கையெழுத்துப் படிகள், இதழ்கள், அச்சுப் படங்கள் என்று கிடைத்ததை எல்லாம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். 1926-ல் கார்னகி அறக்கட்டளை தந்த 10,000 டாலரைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1932-ல் அவரே அதன் காப்பாளராக ஹார்லெம் கிளையில் பொறுப்பேற்றார். இன்று அந்த ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அமெரிக்க அடிமை ஒழிப்பு இதழ்களைச் சேர்ப்பது கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஷோம்பர்க்கின் கதையை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இது சம்பளக்காரர்களும் இறங்கக்கூடிய துறை. வியாபாரியாக, ஏல நிறுவனத்தில் கேட்லாக் எழுதுபவராக, நூலகக் காப்பாளராக, காகிதம் பழுதுபார்க்கும் நிபுணராக, அல்லது வேறு வேலை பார்த்துக்கொண்டே சேர்ப்பவராக, எந்த வழியில் வந்தாலும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த இதழ், எந்த ஊர்

நாலைந்து பெயர்களை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வரைபடம் கைக்கு வந்துவிடும். டென்னசி மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் எலைஹு எம்ப்ரி 1820-ல் நடத்திய எமான்சிபேட்டர் மாத இதழ் ஏழு இதழ்களோடு நின்றுபோனது. 1821-ல் ஒஹையோவில் பெஞ்சமின் லண்டி தொடங்கிய ஜீனியஸ் ஆஃப் யுனிவர்சல் எமான்சிபேஷன் பிறகு டென்னசிக்கும் பால்ட்டிமோருக்கும் இடம் மாறியது. நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் 1827 மார்ச் 16 அன்று தொடங்கிய ஃப்ரீடம்ஸ் ஜர்னல், கறுப்பினத்தவரே உரிமையாளராக இருந்து நடத்திய முதல் அமெரிக்கப் பத்திரிகை. மொத்தம் 103 இதழ்கள். ரோசெஸ்டரில் ஃபிரடெரிக் டக்ளஸ் 1847 டிசம்பர் 3 முதல் நடத்திய நார்த் ஸ்டார், 1851-ல் வேறொரு இதழோடு இணைந்து அவர் பெயரிலேயே வரத் தொடங்கியது. வாஷிங்டனில் கமேலியல் பெய்லி நடத்திய நேஷனல் ஈராவில்தான் 1851 ஜூன் முதல் 1852 ஏப்ரல் வரை ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அங்கிள் டாம்ஸ் கேபின் தொடராக வந்தது.

எல்லாவற்றுக்கும் நடுவே நிற்பது வில்லியம் லாயிட் கேரிசனின் லிபரேட்டர். பாஸ்டனில் 1831 ஜனவரி 1 அன்று தொடங்கி 1865 டிசம்பர் 29 அன்று நின்றது. வாரம் தவறாமல் 1,820 இதழ்கள். ஆனால் விற்பனை எந்தக் காலத்திலும் 3,000 பிரதி அளவைத் தாண்டவில்லை. தொடக்க ஆண்டுகளில் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் சுதந்திரக் கறுப்பினத்தவர். ஃபிலடெல்ஃபியாவில் கப்பல் பாய் தைக்கும் தொழில் நடத்திய ஜேம்ஸ் ஃபோர்ட்டன், முதல் இதழ் வெளிவரும் முன்பே 27 பேருக்கான ஆண்டுச் சந்தா 54 டாலரை அனுப்பிவைத்தார். கையில் காசில்லாமல் தொடங்கிய கேரிசனுக்குத் தாள் வாங்க உதவிய பணம் அது. ஜார்ஜியா சட்டமன்றமோ அதே 1831-ல் கேரிசனைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 5,000 டாலர் தருவதாக அறிவித்தது.

மூவாயிரம் பிரதிகூட விற்காத ஒரு வார இதழின் பெயர் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது எப்படி? தபால் சட்டம் அன்று பத்திரிகை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாக இதழ் அனுப்பிக்கொள்ள இடம் கொடுத்தது. கேரிசன் தன் இதழைத் தெற்கத்திய ஆசிரியர்களுக்கு அனுப்பினார். அவர்கள் கொதித்துப்போய் அதிலிருந்து பத்திகளை எடுத்துப் போட்டுத் திட்டினார்கள். அந்தத் திட்டை எடுத்துக் கேரிசன் தன் முதல் பக்கத்திலேயே மறுபடி அச்சிட்டார். அதற்கென்று ஒரு நிரந்தரப் பத்தியே ஒதுக்கி வைத்திருந்தார். புதிதாக வருபவர் லிபரேட்டரைப் புரட்டி, அடிமை முறையை ஆதரித்து எழுதியிருக்கிறதே என்று குழம்புவது இதனால்தான்.

இந்த இதழ்கள் கிடைப்பதற்கு அரிதாக இருப்பதற்கும் காரணங்கள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்வது தொழிலுக்கு முக்கியம். 1835 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தபால் நிலையத்துக்கு நியூயார்க்கிலிருந்து அடிமை ஒழிப்பு இதழ்கள் மூட்டையாக வந்தன. கும்பல் புகுந்து மூட்டைகளை எடுத்துப் போய்க் கொளுத்தியது. 1836-ல் சின்சினாட்டியில் ஜேம்ஸ் பர்னியின் பிலாந்த்ரபிஸ்ட் அச்சகம் நொறுக்கப்பட்டது. இலினாய் மாநிலத்தின் ஆல்ட்டன் நகரில் எலைஜா லவ்ஜாயின் அச்சு எந்திரங்கள் மீண்டும் மீண்டும் உடைக்கப்பட்டன. புதிதாக வந்த எந்திரத்தைக் காத்து நின்றபோது 1837 நவம்பர் 7 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1838 மே 17 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அடிமை ஒழிப்பாளர்களின் பென்சில்வேனியா ஹால் கட்டி முடித்த சில நாட்களிலேயே எரிக்கப்பட்டது. அதற்குள் இருந்த பென்சில்வேனியா ஃப்ரீமன் இதழின் அலுவலகமும் சாம்பலானது. லவ்ஜாயின் இதழான ஆல்ட்டன் அப்சர்வரின் ஒரு தாள் ஏலத்துக்கு வந்தால் விலையைப் பார்த்து வியப்பவர்கள் இந்தப் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரண லிபரேட்டர் இதழ் பெரும்பாலும் சில நூறு டாலருக்குள் கிடைக்கும். நார்த் ஸ்டார், ஃப்ரீடம்ஸ் ஜர்னல் கதை வேறு. அவை பல ஆயிரம் டாலர். தொடங்குபவர் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

தாளைக் கையில் எடுத்தால்

1831-ம் ஆண்டு இதழ் ஒன்றை முதன்முதலாகத் தொடுபவர்கள் திகைத்துப் போவார்கள். தாள் மடங்குகிறது, உடைவதில்லை. நிறம் பெரிதும் மங்காமல் இருக்கிறது. அதைவிட அறுபது, எழுபது ஆண்டு பிந்திய நாளிதழோ தொட்டால் உதிர்கிறது. முந்தையது கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துச் செய்த காகிதம். 1870-களுக்குப் பிறகு மரக்கூழ் வந்தது, அதிலுள்ள அமிலமே தாளைத் தின்கிறது. ஆக, பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்று ஒரு லிபரேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். பழுத்துப் பொடிப்பொடியாக உதிர்கிற 1831-ஐத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. அரைத்த கந்தலில் பருத்தித் துணியும் கலந்திருந்தது. அன்றைய அமெரிக்கப் பருத்தி யார் கையால் பறிக்கப்பட்டது என்று யோசித்தால், அடிமை முறையை எதிர்த்த வாசகங்கள் எதன்மேல் அச்சாயின என்பது நெஞ்சில் தைக்கும்.

போலி என்பதைவிட நினைவு மறுஅச்சுகள்தான் இந்தத் துறையில் அதிகத் தொல்லை. புகழ்பெற்ற தேதிகள் பல முறை மறுபடி அச்சிடப்பட்டிருக்கின்றன. ஜார்ஜ் வாஷிங்டனின் இறுதிச் சடங்குச் செய்தி வந்த 1800 ஜனவரி 4 தேதியிட்ட அல்ஸ்டர் கவுன்ட்டி கெஜட், லிங்கன் சுடப்பட்ட செய்தி வந்த 1865 ஏப்ரல் 15 நியூயார்க் ஹெரால்ட் இரண்டும் மறுஅச்சாகவே வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றை இனம் காண்பதற்கென்றே குறிப்பேடுகள் வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் படித்தாலே கண் பழகிவிடும்.

லிபரேட்டருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் சில மாத இதழ்களின் தலைப்பு வெறும் எழுத்து. படம் போட்ட தலைப்பு 1831 ஏப்ரல் 23 இதழில்தான் வந்தது: நாடாளுமன்றக் கட்டடம் பின்னால் தெரிய, முன்னால் அடிமை ஏலம், பக்கத்தில் குதிரைச் சந்தை. 1838-ல் இரண்டாவது படம், 1850-ல் ஹாமட் பில்லிங்ஸ் வரைந்த மூன்றாவது படம். யாராவது ஏலப் படத்தோடு 1831 ஜனவரி 1 இதழ் என்று நீட்டினால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். அளவையும் பாருங்கள். முதல் இதழ் நான்கு பத்தி கொண்ட சிறிய தாள். பின்னாளில் தாளும் பெரிதானது, பத்திகளும் கூடின.

பிறகு மேல் ஓரத்துக்கு வாருங்கள். பென்சிலிலோ மையிலோ ஒரு பெயர் இருக்கலாம். அது சந்தாதாரரின் பெயர், தபாலில் சேர்ப்பதற்காக எழுதியது. பல வியாபாரிகள் அதைக் கறை என்று எழுதி விலையைக் குறைப்பார்கள். என் தீர்ப்பு நேர்மாறானது. பெயர் இருக்கிற தாளையே முதலில் எடுங்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, நகர முகவரிப் புத்தகம், தேவாலயப் பதிவேடு இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதழைப் படித்த மனிதர் கிடைத்துவிடலாம். அவர் முடிதிருத்துபவராக இருக்கலாம், மாலுமியாக இருக்கலாம், கிராமத்துப் பாதிரியாராக இருக்கலாம். அழிப்பான் கொண்டு ஓரத்தைச் சுத்தம் செய்கிறவர் அந்த மனிதரையே துடைத்துவிடுகிறார்.

ஒரு பேச்சு, இரண்டு தேதி

மூலத் தாளைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்று நேர்முகத்தில் கேட்பார்கள். சோஜர்னர் ட்ரூத்தின் பேச்சைச் சொல்லுங்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற அவர் 1851 மே மாதம் ஒஹையோவின் ஏக்ரன் நகரில் பெண்கள் மாநாட்டில் பேசினார். தானும் பெண்ணல்லவா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியோடு அந்தப் பேச்சு உலகப் புகழ் பெற்றது. ஆனால் மாநாடு முடிந்த சில வாரங்களில், 1851 ஜூன் 21 அன்று, ஒஹையோவின் சேலம் நகரிலிருந்து வந்த ஆன்டி-ஸ்லேவரி பியூகிள் இதழில் மாரியஸ் ராபின்சன் அந்தப் பேச்சை அச்சிட்டிருக்கிறார். அதில் அந்தக் கேள்வியே இல்லை. கேள்வியோடு கூடிய வடிவத்தை பிரான்சஸ் கேஜ் எழுதி வெளியிட்டது 1863-ல், பன்னிரண்டு ஆண்டு கழித்து. அதில் ட்ரூத் தெற்கத்திய அடிமைகளின் கொச்சையில் பேசுவதுபோல் எழுதியிருக்கிறார். ட்ரூத் பிறந்தது நியூயார்க் மாநிலத்தில், முதலில் பேசப் பழகிய மொழி டச்சு. சிறு நகரம் ஒன்றில் வந்த நாலு பக்க வார இதழ் இல்லாவிட்டால் இந்த வேறுபாட்டை நிறுவுவது மிகக் கடினம்.

மற்றொரு பழக்கம்: பொறுப்பாசிரியர் பெயர் போடும் இடத்தை விடாமல் பாருங்கள். கனடாவில் 1853-ல் தொடங்கிய ப்ராவின்ஷியல் ஃப்ரீமனை உண்மையில் நடத்தியவர் மேரி ஆன் ஷாட். முதலில் ஆசிரியராக அச்சானது சாமுவேல் ரிங்கோல்ட் வார்ட் என்ற ஆணின் பெயர். அந்தக் கட்டத்தில் வரும் மாற்றங்களைத் தேதி வாரியாகக் குறித்து வைத்தாலே ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பொருள் சேர்ந்துவிடும்.

விளம்பரங்களைத் தாண்டிப் போகாதீர்கள். சார்ல்ஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து அந்த முறையை எதிர்த்து வெளியேறிய ஏஞ்சலினா கிரிம்கே, சாரா கிரிம்கே சகோதரிகளும், ஏஞ்சலினாவின் கணவர் தியோடோர் வெல்டும் நியூயார்க் வாசகசாலை ஒன்று கழித்துப்போட்ட தெற்கத்தியப் பத்திரிகைகளை விலைக்கு வாங்கினார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இதழ்களை ஆராய்ந்து, தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்களை வெட்டி எடுத்தார்கள். உடம்பில் என்ன தழும்பு, எந்தக் காலில் சங்கிலித் தடம் என்று எஜமானரே அடையாளம் எழுதியிருந்தார். 1839-ல் வெளிவந்த வெல்டின் புத்தகத்துக்கு அந்த வாக்குமூலங்களே முக்கிய ஆதாரம். பழைய பத்திரிகை சேர்ப்பது ஒரு போராட்டமாகவே இருந்த நேரம் அது.

வேலை எங்கே

வியாபாரத்தில் இறங்க நினைப்பவருக்கு அமெரிக்காவில் 1978 முதல் நடந்துவரும் பழம்புத்தக வியாபாரிகளுக்கான ஒரு வாரப் பயிலரங்கு நல்ல வாசல். கொலராடோவில் தொடங்கி இப்போது மினசோட்டாவில் நடக்கிறது. நூலகப் பக்கம் போகிறவர்களுக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் ரேர் புக் ஸ்கூல். நூலகவியல் முதுகலைப் பட்டமும் தேவைப்படும். காகிதப் பழுதுபார்ப்புக்கு வேதியியலும் கைத்திறனும் சேர்ந்த முதுகலைப் படிப்புகள் டெலவேர், பஃபலோ, நியூயார்க் பல்கலைக்கழகங்களில் உண்டு. இடங்கள் மிகக் குறைவு. ஏல நிறுவனங்களில் நியூயார்க்கின் ஸ்வான் கேலரீஸ் 1996 முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க அச்சு, கையெழுத்து ஆவணங்களுக்கெனத் தனி ஏலம் நடத்திவருகிறது. அதன் பழைய கேட்லாக்குகள் பாடப்புத்தகம் மாதிரி, வாங்காவிட்டாலும் படிக்க வேண்டும். மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் 1812-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியின் பத்திரிகைச் சேகரிப்பு இந்தத் துறையில் தலைமை இடம்.

எந்தக் கதவைத் தட்டினாலும் கையில் ஒரு மாதிரிப் பதிவு இருக்கட்டும். ஒரே ஓர் இதழை எடுத்து, இதழின் பெயர், ஊர், தேதி, தொகுதி எண், வரிசை எண், ஆசிரியர், பக்கம், பத்தி, தாளின் நீள அகலம், மடிப்புக் கோடு, பழுப்புப் புள்ளி, கிழிசல், தையல் துளை, ஓரத்தில் உள்ள பெயர், முன்பு யாரிடம் இருந்தது, முக்கியமான செய்தி என்ன என்று எழுதிப் பழகுங்கள். தையல் துளை இருந்தால் அது பைண்டு செய்த தொகுதியிலிருந்து பிரித்தது என்று பொருள். பக்கம் நான்கும் இருக்கிறதா என்று எண்ணாமல் எதையும் எழுதக் கூடாது. இதைப் பிழையில்லாமல் செய்கிறவருக்கு முன் அனுபவம் இல்லாவிட்டாலும் மரியாதை கிடைக்கும்.

கேட்லாக் வேலையைச் சிறியதாக எண்ணுபவர்கள் டாரதி போர்ட்டரைப் படிக்க வேண்டும். ஹவர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1930 முதல் 1973 வரை இருந்தவர். அவர் வந்தபோது கறுப்பினத்தவர் எழுதிய நூல் எதுவானாலும், கவிதையானாலும்கூட, அடிமை முறைக்கான 326 அல்லது குடியேற்றத்துக்கான 325 என்ற நூலக வகைப்பாட்டு எண்ணின் கீழ் போடுவதே வழக்கமாக இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்து முழுச் சேகரிப்பையும் மறுபடி வகைப்படுத்தினார். கையில் பணம் அதிகமில்லை. பதிப்பாளர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும் எழுதி எழுதிக் கேட்டே வாங்கினார்.

பிரிக்கக் கூடாதது

நூலகங்கள் மைக்ரோஃபிலிம் எடுத்த கையோடு மூலத் தொகுதிகளைக் கழித்துக் கட்டிய காலம் ஒன்று இருந்தது. எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001-ல் அதை ஒரு புத்தகமே எழுதிக் கண்டித்தார். அப்படி வெளியே வந்த தொகுதிகளை வாங்கி, ஓர் ஆண்டு இதழ்களைத் தனித்தனித் தாளாகப் பிரித்து விற்றால் லாபம் அதிகம். அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்ட 1859 டிசம்பர் வாரமும், நேட் டர்னர் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சிச் செய்தி வந்த 1831 செப்டம்பர் 3 இதழும் நல்ல விலைக்குப் போகும், அந்தந்த ஆண்டின் மற்ற இதழ்கள் சிதறிவிடும். இதைச் செய்யாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஓர் ஆண்டு முழுமையாக இருந்தால் ஒரு விவாதம் வளர்ந்த விதம் தெரியும், பிரிந்தால் நினைவுப் பொருள் மட்டுமே மிஞ்சும். ஏற்கெனவே பிரிந்து வந்த தாள்களில் உங்கள் சேகரிப்பை நடத்திக்கொள்ளலாம்.

பாதுகாப்பு எளிது. அமிலமற்ற அட்டை, மைலார் உறை, படுக்கை நிலை, 21 டிகிரிக்கு மேல் போகாத அறை, 35 முதல் 50 சதவீதம் ஈரப்பதம். லேமினேஷனும் செலோ டேப்பும் வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்டுவதானால் நகலை மாட்டுங்கள்.

சேர்த்ததை எங்கே சேர்ப்பிப்பது என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இதில் டக்ளஸின் இழப்பு பெரிய பாடம். நார்த் ஸ்டார் உள்ளிட்ட தன் இதழ்களின் தொகுதிகளை அவர் ரோசெஸ்டர் வீட்டில் வைத்திருந்தார். தீப்பிடிக்காத கட்டடத்தில் வைத்துக் காக்கிறோம், அனுப்புங்கள் என்று ஹார்வர்டு நூலகம் கேட்டிருந்தது. அனுப்புவது தள்ளிப்போனது. 1872 ஜூன் 2 அன்று வீடு எரிந்தது, தொகுதிகளும் போயின. உயிர்ச்சேதம் இல்லாததுதான் ஆறுதல். அவருடைய மகன்கள் பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டி வைத்த ஏடுகளை வால்டர் எவான்ஸ் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் பிற்காலத்தில் தேடிச் சேர்த்தார். வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட்டுக்கு அவற்றைத் திறந்து காட்டினார். அவற்றைப் பயன்படுத்தி எழுதிய டக்ளஸ் வாழ்க்கை வரலாறு 2019-ல் புலிட்சர் பரிசு பெற்றது. ஏடுகள் 2020-ல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு டாலர்கூடச் செலவழிக்கும் முன் படித்துப் பழக வழி இருக்கிறது. ஃப்ரீடம்ஸ் ஜர்னலின் 103 இதழ்களையும் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் இணையத்தில் வைத்திருக்கிறது. டக்ளஸின் இதழ்களும் ஆன்டி-ஸ்லேவரி பியூகிளும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இலவசம். லிபரேட்டர் பாஸ்டன் பொது நூலகத்தின் வழியாகக் கிடைக்கிறது. டக்ளஸ் தன் பிறந்தநாளாகத் தேர்ந்துகொண்ட பிப்ரவரி 14 அன்று ஆண்டுதோறும் பழைய ஆவணங்களைப் பலர் கூடித் தட்டச்சு செய்கிறார்கள். எந்த ஊரிலிருந்தும் சேரலாம், பட்டம் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் அடுத்த பிப்ரவரியில் அங்கிருந்து தொடங்குங்கள்.